பென்னியைக் குணமாக்கியவர்கள்

ஏர்க்காட்டு மலையில் வாழவந்திக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் பென்னி ரைட்டர். காலையில் ஆள் எண்ணுவது, வேலை பிரித்துக் கொடுப்பது, யார் யார் மட்டம் போட்டார்கள் என்று முதலாளிக்குப் போன் போட்டுச் சொல்வது எல்லாம் அவன்தான். காப்பிச் செடிக்குள் குளவி கொட்டி முகம் வீங்கி வருகிற பெண்ணிடம்கூட, "ஒன்னும் ஆவாது, சுண்ணாம்பு தடவிட்டு வேலையப் பாரு" என்று சொல்லி அனுப்புகிற வீரன். அப்படிப்பட்டவன் தன் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்ததும் கன்னத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு கட்டிலில் சுருண்டுவிட்டான்.

அவன் மனைவி சாரா, ஏர்க்காட்டில் ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் சமையல் வேலை பார்த்தாள். "ஏனுங்க, பஸ் ஏறுனா பல் டாக்டருகிட்டப் போயிரலாம். புடுங்கிப் போட்டா வலி தீந்துச்சு" என்றாள்.

"புடுங்கறதா? கடைவாய்ப் பல்லு நரம்பு நேரா கண்ணுக்குப் போவுது, தெரியுமா? கண்ணு போயிருச்சுன்னா நீ வந்து ஆள் எண்ணுவியா?"

இந்த உடற்கூறு ஞானத்தை அவனுக்கு வழங்கியவன் மெடிக்கல் ஷாப் சின்னராஜ். வாழவந்தியில் அவனை 'டாக்டர் தம்பி' என்பார்கள். மருந்துக் கடை போடுவதற்கு முன் செல்போன் கடை வைத்திருந்தவன். அப்போது ஸ்கிரீன் உடைந்த போனை எப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவானோ, அதே மாதிரி இப்போது மனிதர்களைப் பார்த்தான். பென்னியின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "உள்ள சீழு கட்டியிருக்குங்க ரைட்டரே. செட்டு போட்டுத் தரேன். வலி ஓடிப்போயிரும்" என்றான். ஒரு கேப்சூல், ஒரு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை. பல் டாக்டரிடம் போகும்படி சொல்லியிருக்கலாம். சொன்னால் 'டாக்டர் தம்பி' வெறும் தம்பி ஆகிவிடுவான்.

மாத்திரை தின்ற மறுநாளே பல்வலி குறைந்தது. அன்று சாயங்காலம் அக்குள் அரிக்க ஆரம்பித்தது. பொழுது விடிந்தபோது காய்ச்சல் அனலாக அடித்தது. அக்குள், தொடை இடுக்கு, கழுத்து மடிப்பு எல்லாம் செக்கச்செவேலென்று சிவந்து, சிவந்த தோலின் மேல் ரவையைத் தூவியதுபோல் ஊசிமுனைச் சீழ்க்கொப்புளங்கள். மதியத்துக்குள் மார்பும் முதுகும் அப்படியே ஆயின. பனியனைக் கழற்றினால் எரிந்தது, போட்டாலும் எரிந்தது.

முதலில் வந்து பார்த்தவள் பக்கத்து வீட்டுப் பொன்னாயி. வாசல்படியிலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா எறங்கியிருக்கறா சாரா கண்ணு. முத்து முத்தா வாத்திருக்கறா பாரு. மாத்திர மருந்துன்னு ஒன்னும் குடுத்துப்போடாத. வேப்பந்தழையப் போட்டுப் படுக்க வையி. குளுகுளுன்னு கம்மங்கூழு ஊத்து."

மாத்திரையைக் கொடுக்காதே என்றாளே, அந்த வீட்டில் அந்த வாரம் பேசப்பட்ட உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான். அதையும் அவள் தப்பான காரணத்துக்காகச் சொன்னாள். பென்னி கேட்கவில்லை. "நாம வேதக்காரங்க, நமக்கு ஏது ஆத்தா?" என்று முனகியபடி அடுத்த வேளைக் கேப்சூலை விழுங்கினான்.

சின்னராஜ் நேரில் வரவில்லை. சாரா போனில் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். "பல்லுல இருந்த சீழு ரத்தத்துல கலந்து வெளிய வருதுங்க. நல்லதுதான். அதே மாத்திரையில பவரு கூடுனது இருக்குது, அதக் குடுங்க. கிருமி செத்துப்போயிரும்."

"ஏம்ப்பா, மாத்திர தின்னதுக்கு அப்பறந்தான வந்துச்சு?" என்றாள் சாரா.

"அக்கா, படிச்சவன் சொன்னா கேக்கோணும்" என்றான் அவன்.

சாயங்காலம் பென்னியின் அண்ணன் ஆண்டனி ராஜ் வந்தார். செம்மநத்தம் போகிற வழியில் தகரக் கொட்டகை போட்டு ஜெபக்கூடம் நடத்துகிறவர். இடுப்பு வலிக்கும் கடன் தொல்லைக்கும் தன் பைக் ஸ்டார்ட் ஆகாததற்கும் ஒரே பிசாசைக் காரணம் சொல்லக்கூடியவர். தம்பியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு சத்தமாக ஜெபித்தார். கையோடு கொண்டுவந்த எண்ணெயை எரிகிற தோலின் மேல் அழுத்தித் தேய்த்தார். பென்னி "அய்யோ அண்ணா!" என்று அலறினான்.

"பாத்தியா சாரா? உள்ள இருக்கறவன் கத்தறான்" என்றார்.

"உள்ள இருக்கறது உங்க தம்பிதானுங்க மாமா. எரியுது, கைய எடுங்க."

அவர் எடுக்காததால் அவளே அவர் கையைப் பிடித்து எடுத்துவிட்டாள். அவருக்குக் கோபம். போகும்போது, "வெசுவாசமில்லாத ஊட்டுல சொகம் எறங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்குள் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கதவுகள் சாத்திக்கொண்டன. ஹாஸ்டலிலிருந்து போன் செய்து, அம்மை போட்ட வீட்டிலிருந்து சமையலுக்கு வர வேண்டாம் என்றார்கள். முதலாளி ஒரு படி மேலே போய், ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப் கேட்ட சாராவிடம் ஜீப் பழுது என்று சொல்லியனுப்பினார். பழுதான அந்த ஜீப் அன்றைக்கு மட்டும் அவர்கள் வீட்டைத் தாண்டி இரண்டு முறை ஏர்க்காடு போய் வந்தது.

மறுநாள் காலை சாரா அவன் மேல் தன் பழைய சேலையைப் போர்த்தி பஸ்ஸுக்குக் கூட்டிப்போனாள். கண்டக்டர் படியில் கையை நீட்டி மறித்தார்.

"ஏனுங்கம்மா, இத்தன பேரு இருக்கறாங்க. இவரப் போயி ஏத்துறீங்களே?"

"சீக்காளி ஆஸ்பத்திரிக்குப் போவாம சினிமாவுக்கா போவாங்க?"

பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். ஆனாலும் யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. விசில் ஊதி பஸ் போய்விட்டது. கடைசியில் குப்பனூர் வழியாகச் சேலத்துக்குப் பலாப்பழம் கொண்டுபோகிற ஒரு வேன்காரர், "பின்னாடி உக்காந்துக்கறதா இருந்தா வாங்க" என்றார். எஸ்டேட் ரைட்டர் பென்னி, பலாப்பழங்களுக்கு நடுவில், முள்ளில் சாயவும் முடியாமல் நிமிர்ந்து உட்காரவும் முடியாமல், வளைவுக்கு வளைவு கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டே மலையிறங்கினான்.

சேலத்தில் பெரியாஸ்பத்திரித் தோல் பிரிவில் டாக்டர் கௌரி இருந்தார். நாற்பது வயதிருக்கும். அவர் ஒதுங்கி நிற்கவில்லை. கையுறை போட்டுக்கொண்டு அக்குளைத் தூக்கிப் பார்த்தார், வாய்க்குள் பார்த்தார், கண்ணிமையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது வர்றதுக்கு முன்னாடி என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

"ஒன்னும் சாப்புடலீங்க மேடம்" என்றான் பென்னி. டாக்டர் சீட்டு இல்லாமல் தின்றதைச் சொன்னால் திட்டு விழுமே என்ற பயம்.

சாரா பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து மேசைமேல் பரப்பினாள். "பல்லு வலிக்கு இதுங்க. இது வந்ததுக்கப்பறம், பவரு கூடுனதுன்னு இதுங்க."

டாக்டர் கௌரி ஓர் அட்டையை எடுத்துப் பின்பக்கம் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"இது அம்மை இல்லம்மா. ஒட்டிக்கற நோயும் இல்ல. இந்த மாத்திரை இவர் உடம்புக்கு ஆகல, அதான். சீழைத் தொட்டு டெஸ்ட்டுக்கு அனுப்புறேன். கிருமி ஒன்னும் இருக்காதுன்னுதான் நெனைக்கறேன். சீழ்னா கிருமின்னு நெனச்சுக்கிட்டு, எந்த மாத்திரையால வந்துச்சோ அதையே இன்னும் ஏத்திக் குடுத்திருக்காங்க."

அவர் சொன்னபடியே சோதனையில் கிருமி எதுவும் இல்லை. கேப்சூலை நிறுத்தினார்கள். தடவக் களிம்பு கொடுத்தார்கள். சலைன் ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது. கொப்புளங்கள் வற்றி, தோல் வெங்காயச் சருகுபோலப் பொடிப்பொடியாக உரிந்தது. படுக்கையைத் தட்டினால் பறந்தது. உரிந்த இடத்தில் புதுத்தோல் வெளுப்பாக வந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கௌரி இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். "அமாக்சிசிலின். இந்தப் பேரை மறக்கக் கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி மேல வேற பேரு போட்டிருப்பான், உள்ள இதே மருந்து இருக்கும். இதோட இனத்துல இருக்கற மத்த மருந்தும் வேணாம். எந்த டாக்டர்கிட்டப் போனாலும், எந்தக் கடையில வாங்கினாலும் மொதல்ல இதைச் சொல்லணும். அடுத்த தடவை இன்னும் சீக்கிரமா வரும், இன்னும் மோசமா வரலாம். அப்புறம், அந்தப் பல்லைப் புடுங்கிருங்க."

சாரா அந்தப் பேரை ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பிக்கிற பிள்ளைபோல் வாய்க்குள் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தாள். பென்னி கேட்டது ஒன்றே ஒன்று. "மேடம், இந்த நோயிக்கு இங்கிலீசுல பேரு என்னங்க?"

ஊருக்குத் திரும்பியதும் கூத்து ஆரம்பித்தது.

பொன்னாயி தன் வேப்பந்தழையால்தான் ஆத்தா குளிர்ந்து போனாள் என்றாள். ரைட்டர் பேரில் கூழ் ஊற்றுவதாக வேண்டியிருக்கிறாளாம், அதைச் செலுத்தியாக வேண்டுமாம். சின்னராஜ் தன் கடையில் வந்தவர்களிடமெல்லாம், "நான் பவர ஏத்திக் குடுத்ததாலதான் உள்ள இருந்த சீழு பூரா வெளிய வந்துச்சு. பெரியாஸ்பத்திரியில என்ன பண்ணுனாங்க? களிம்பு தடவுனாங்க. அத நம்ம கடையிலயே தடவியிருக்கலாம்" என்றான். அவன் கொடுத்த மருந்தால் வந்த நோய் அவன் கொடுத்த மருந்தால் போய்விட்டது. இதைவிடக் கடைக்கு என்ன விளம்பரம் வேண்டும்?

ஆண்டனி ராஜ் இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் பென்னி சாட்சி சொல்லவேண்டும் என்று மைக் செட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டார்.

பென்னிக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை. ஆனால் பிடித்த பிறகு விடத் தெரியவில்லை. காய்ச்சலில் தனக்கு ஒரு கறுத்த உருவம் தெரிந்தது என்றான். அண்ணன் எண்ணெய் பூசியதும் அது அலறிக்கொண்டு ஓடியது என்றான். "சேலத்துல பெரிய பெரிய டாக்டருங்க எல்லாம் கைய விரிச்சுட்டாங்க" என்றான். கொட்டகை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சாராவுக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்த தன் முதுகு இன்னும் வலித்தது. அவளைப்பற்றி சாட்சியில் ஒரு வரி வந்தது. "என் மனைவி கொஞ்சம் அவிசுவாசப்பட்டாள்."

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டாள். "கைய விரிச்ச டாக்டரு யாருங்க? எனக்குத் தெரிஞ்சு அந்தம்மா உங்க அக்குளத் தொட்டுப் பாத்தாங்க. உங்க அண்ணன் அந்தத் தோலுல எண்ணெயத் தேச்சு அலற வெச்சாரு."

"சாட்சின்னா கொஞ்சம் கூட்டித்தான் சொல்லோணும் சாரா. அப்பத்தான் சனங்களுக்கு ஏறும்."

"அப்ப மாத்திர பேர எப்பச் சொல்லுவீங்க?"

அவன் நடையை எட்டிப் போட்டான். அன்றுமுதல் ஜெபக்கூடத்தில் அவனுக்கு முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி. வயதானவர்கள்கூட அவன் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அந்தப் புதுத்தோலின் வெளுப்பைச் சிலர் பிரகாசம் என்றார்கள். அவன் மறுக்கவில்லை.

பிசாசை விரட்டியவனுக்குப் பல்லைப் பிடுங்க மட்டும் தைரியம் வரவில்லை. பல் சும்மா இருக்குமா? காப்பிப் பழம் எடுக்கிற சீசனில், வேலை நெருக்கடியில், மறுபடியும் வலித்தது. சாராவிடம் சொல்லாமல் சின்னராஜ் கடைக்குப் போனான். கடையில் ஜெபக்கூடத்து ஆட்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். "எனக்கு அமாக்சிசிலின் ஆவாது" என்று வாயைத் திறந்து சொன்னால், அப்போது ஓடிய கறுத்த உருவம் என்ன ஆவது? பிளாஸ்டிக் நாற்காலி என்ன ஆவது?

"போன தடவ குடுத்தது வேண்டாந் தம்பி. வேற குடு" என்று மட்டும் முணுமுணுத்தான்.

சின்னராஜ் வேறு கொடுத்தான். வேறு கம்பெனி, வேறு நிற அட்டை. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றை விழுங்கிவிட்டு பென்னி தோட்டத்துக்குப் போனான். பழம் எடை போடுகிற நேரத்தில் கழுத்து அரித்தது. சட்டைப் பொத்தானைக் கழற்றினான். எடைபோட நின்றிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது முகம் வீங்கி, கண் இடுங்கி, கழுத்திலிருந்து மார்பு வரை அதே ரவைக் கொப்புளம். நிற்க முடியாமல் தலை சுற்றியது.

"என்ன மாத்திர தின்னீங்க?"

"ஒன்னும் இல்ல. சத்தியமா ஒன்னும் இல்ல."

சாரா அவன் சட்டைப்பையில் கைவிட்டாள். அட்டையைத் திருப்பினாள். மேலே பெரிய எழுத்தில் ஏதோ பேர். அடியில் பொடி எழுத்தில், எழுத்துக்கூட்டி, அவள் மனப்பாடம் செய்த அதே பேர். அவனை அடிக்க வேண்டும்போல் கை வந்தது. அந்தத் தோலில் எங்கே அடிப்பது? 108க்குப் போன் போட்டாள்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் குணமாக்கியவர்களையும் விட்டுவைப்பானேன் என்று அவர்களுக்கும் சொல்லிப் பார்த்தாள். சின்னராஜ் சரக்கு எடுக்கச் சேலம் போயிருப்பதாகச் சொன்னான், பின்னணியில் அவன் கடையில் யாரோ மாத்திரை கேட்கிற சத்தம் வரையில் கேட்டது. பொன்னாயி வாசலோடு நின்று, "கூழு ஊத்துங்கன்னு அன்னிக்கே சொன்னன். ஆத்தாள ஏமாத்துனா உடுவாளா?" என்றாள். ஆண்டனி ராஜ் ஆத்தூரில் ஒரு கூட்டத்தில் இருந்தார். "அவனுக்குள்ள மறுபடியும் அவிசுவாசம் பூந்திருச்சு. கர்த்தரோட ஒப்புரவாகச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கௌரி அட்டையைப் பார்த்ததும் சத்தம் போட்டார். "அன்னிக்கு அவ்வளவு சொன்னேனே! என்னய்யா படிச்சிருக்க?"

"பிளஸ் டூங்க" என்றான் பென்னி, பல் கிட்டிக்கொண்டிருந்தபோதும்.

இந்த முறை அவ்வளவு சுலபமாக இறங்கவில்லை. ரத்த அழுத்தம் குறைந்தது. சிறுநீரகத்துக்கும் சோதனை எடுத்தார்கள். நர்சுகள் ஓடி ஓடி வந்தார்கள். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் பென்னிக்கு முதன்முதலாகச் சாவு பயம் வந்தது. சாராவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். "நான் பொழச்சுக்குவனா சாரா?"

அவள் அவன் உதட்டில் ஈரப்பஞ்சை ஒற்றினாள்.

"பொழச்சுக்குவீங்க. செத்திருந்தாலும் ஒன்னும் கொறஞ்சிருக்காது. மூணு பேரும் மால வாங்கிட்டு வந்து நின்னிருப்பாங்க. காப்பாத்துனது நான்தான்னு அன்னிக்கு அத்தன சண்ட. கொன்னது நான்தான்னு ஒருத்தனாவது வந்து சண்ட போட்டிருப்பானா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். இமையோரம் தண்ணீர் வழிந்து, உரிந்த தோலில் பட்டு எரிந்தது.

உடம்பு தேறியதும், அதே ஆஸ்பத்திரியில் பல் பிரிவுக்கு அனுப்பினார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு ஆட்டு ஆட்டி, பல்லை எடுத்துத் தட்டில் போட்டார்கள். "புடுங்கியாச்சுங்களா?" என்று பஞ்சைக் கடித்தபடி கேட்டான் பென்னி. கண் இரண்டும் இருந்த இடத்தில் இருந்தன.

வீடு வந்த கொஞ்ச நாளில் ஆண்டனி ராஜ் வந்தார். கையில் பைபிள், முகத்தில் ஒளி. "ரெண்டாந்தரமும் தூக்கி விட்டிருக்கறார் பாரு தம்பி. இது மொத சாட்சியவிடப் பெருசு. வர்ற ஞாயித்துக்கெழம…"

சாரா அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். பென்னி அவளைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான்.

"மாத்திரையாலங்க அண்ணா" என்றான். "மொத தடவையும் மாத்திரதான். உருவம் கிருவம் ஒன்னும் நான் பாக்குல."

"தம்பி, வெளிய சொல்லாத. சனங்க வெசுவாசத்துல எடறிப் போயிருவாங்க."

"நான் எடறி விழுந்தப்ப நீங்க ஆத்தூர்ல இருந்தீங்க."

அவன் வாழ்நாளில் சொன்ன சாட்சிகளிலேயே சின்னது அது. ஆண்டனி ராஜ் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். அடுத்த ஞாயிறு முன்வரிசை நாற்காலியில் இடுப்பு வலிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்ததாகக் கேள்வி.

சாரா சின்னராஜ் கடைக்குப் போனாள். கூட்டம் இருக்கிற நேரம் பார்த்துத்தான் போனாள். "எங்க ஊட்டுக்காரருக்கு அமாக்சிசிலின் ஆவாது. டாக்டரு சீட்டு இல்லாம இனி எங்க ஊட்டுக்கு ஒரு மாத்திர நீ குடுக்க வேண்டாம்" என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"நான் குடுத்தத ஊரே சாப்புடுது, எல்லாருக்குமா வந்துச்சு? அவரு ஒடம்பு வாகு அப்படி" என்றான் அவன்.

"வாகு தெரிஞ்சுக்காமயே குடுக்கறியே, அதத்தான் சொல்லறன்."

நின்றவர்களில் ஒருத்தி மட்டும் கையில் வாங்கிய செட்டைத் திருப்பிப் பார்த்தாள். மற்றவர்கள் வழக்கம்போல் வாங்கிப் போனார்கள்.

பென்னி திருந்திவிட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம். காப்பித் தோட்டத்தில் ஆள் எண்ணி முடித்ததும், கேட்கிறவர்கள் கேட்காதவர்கள் எல்லோரிடமும் தன் நோயின் இங்கிலீஷ் பேரை முழுதாகச் சொல்லிக்காட்டுகிறான். "பத்து லட்சம் பேருல ரெண்டு மூணு பேருக்குத்தான் வருமாம். இந்த மலையிலயே எனக்கு ஒருத்தனுக்குத்தான்" என்கிறான், ஏதோ பரிசு விழுந்த மாதிரி. குளவி கொட்டியவர்களிடம் இப்போது, சுண்ணாம்பு தடவு என்பதற்குப் பதிலாக, "நீ என்ன மாத்திர தின்ன?" என்று கேட்கிறான்.

சாரா தடுப்பதில்லை. பெருமை அடித்துக்கொள்ளட்டும். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் அமாக்சிசிலின் என்ற பேரை அவன் வாய் சரியாக உச்சரிக்கிறதா என்று மட்டும் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொள்கிறாள்.